ஆறில் ரெண்டு தேறும்

வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்துதான் செலினுக்குள் பேச்சு பெருகிப் போயிற்று. இருபது வருஷம் பாடிப் பிழைத்தவளுக்கு வாயை அடைத்ததும் மனசு வாயாடியாகிவிட்டது. கிசுகிசுவென்று பேசலாமா என்று சைகையில் கேட்டதற்கு, அது இன்னும் மோசம், அதையும் செய்யாதீங்க என்று டாக்டரம்மா விரலை ஆட்டியிருந்தாள். வடபழனியில் அந்தக் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் தொண்டை வறளும் என்று சுவரோரமாக ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்து, மடியில் கைப்பையும் அதன் மேல் போனும் வைத்துக்கொண்டு, காதில் மாட்டும் ஒயரின் சிக்கலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கம் எல்லார் முகத்திலும் இருந்தது. உள்ளே, அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால், போன வாரம் அவள் தொண்டைக்குள்ளிருந்து கிள்ளி எடுத்த சதை என்ன சதை என்று ரிசல்ட் வந்திருக்கிறது. வெளியே, அவள் மடியில், ‘சூறைமுகம்’ படத்தின் ஆறு பாட்டும் வந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் வெளியிட்டார்கள். ஆறாவது பாட்டுக்குக் கீழே, பாடியவர் செலின் ரூபன். புருஷன் ரூபன் அதைப் பெரிசாக்கிப் படம் பிடித்துத் தன் கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டான். “ஏ செலினு, ஒம் பேரப் போட்டுருக்கான், பாத்தியா, எழுத்துப் பிழகூட இல்ல” என்று ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டுப் பார்ப்போமா என்றதற்கு அவள் தலையை ஆட்டிவிட்டாள். பெயர் இருந்தால் குரல் இருக்கும் என்று என்ன நிச்சயம். இத்தனை நாள் குரல் இருந்தது, பெயர் இல்லை. இப்போது பெயரை மட்டும் விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் குரலை மாற்றியிருந்தால் யாரைப் போய்க் கேட்பது, எந்த வாயால் கேட்பது. இங்கே வந்து கேட்கலாம் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. ரெண்டு பயத்தையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்றை மறக்கலாம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே தெரிந்துபோயிற்று.

முதல் பாட்டு கதாநாயகன் தெருவில் இறங்கி நடக்கிற பாட்டு. அவன் நடப்பதற்கு ஏன் இத்தனை தவில், இத்தனை தாரை, நடுவில் ஏன் ஒரு போலீஸ் சைரன் என்று மெட்டுப் போட்ட நிரஞ்சனுக்கே தெரிந்திருக்காது. பாவம், சின்ன வயசுக்காரன், பெரிய படம், தயாரிப்பாளர் கேட்டதையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறான். கல்யாண வீட்டில் மிஞ்சினதையெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டினால் அது கூட்டாகிவிடுமா. அந்த இரைச்சலுக்குள் நாலு பெண்கள் கூடி ‘ஏலே ஏலே’ என்று கத்துகிற இடத்தில் அவளும் இருந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. நாலு குரலில் தன் குரலைப் பிரித்தெடுக்கிற காது அவளுக்கு உண்டு. ட்ராக் பாடுகிறவளுக்கு வேறு சொத்து என்ன. மெட்டு பிறந்ததும் முதலில் அவளைக் கூப்பிடுவார்கள். பாட்டு இப்படித்தான் வரும் என்று அவள் பாடிக் காட்டுவாள். அதைக் கேட்டுப் படித்துக்கொண்டு பெயர் பெற்ற பாடகி ஒருத்தி வந்து பாடுவாள், உடனே இவள் குரலை எடுத்துவிடுவார்கள். கான்கிரீட் இறுகும்வரை முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கட்டை மாதிரி. இறுகினதும் உருவிவிட வேண்டியதுதான், கட்டிடத்துக்கு அதைப் பற்றி என்ன ஞாபகம். அவள் அதற்கு அழுது முடித்தெல்லாம் வெகு காலம் ஆயிற்று. ஆனால் இந்த ‘ஏலே ஏலே’ பாடினது அக்டோபரில், ஜெபமாலை மாசம், தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு ஸ்டுடியோ போன நாட்கள். புளி போட்டு விளக்கிய செம்பு மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது குரல். இது யாருடையது என்று ஒரு கணம் அந்நியமாகக் கேட்டாள். அந்த ஒரு கணத்துக்குள்தான் டாக்டரம்மாவின் கேள்வி வந்து உட்கார்ந்தது. எப்பலேர்ந்து இந்தக் கரகரப்பு? முதல் தடவை வந்தபோதே கேட்டாள். ஈஸ்டருக்கு அப்புறம் ஒரு சளி பிடிச்சுது டாக்டர், அதுலேர்ந்துதான் என்று செலின் சொல்லியிருந்தாள். சொல்லும்போது அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. எப்போதிருந்து என்று அவளுக்கே தெரியாது, அவ்வளவுதான். இப்போது தெரியப்போகிறது. பாட்டுகளைப் பாடிப் பதிந்த வரிசையிலேயே தொகுப்பில் போட்டிருக்கிறான் நிரஞ்சன். அக்டோபரிலிருந்து மே வரைக்கும் அவள் தொண்டை வரிசையாக இங்கே படுத்திருக்கிறது, ஒவ்வொன்றாக எழுப்பிக் கேட்க வேண்டியதுதான். ஒயரைக் கழற்றிவிடலாமா என்று கை போயிற்று. கழற்றவில்லை.

இரண்டாவது பாட்டு காதல் பாட்டு, பனிமலை, கம்பளிப் போர்வை. பம்பாய்ப் பாடகி பாடியிருந்தார். ‘மழை’ அவர் வாயில் ‘மலை’யாக விழுந்தது, படமும் மலையில்தான் எடுத்தார்கள், பொருந்திப் போயிற்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். செலின் இதற்கு ட்ராக் பாடினது கிறிஸ்துமஸுக்கு முன்னால். தன் குரல் இதில் இருக்காது, நிம்மதியாகக் கேட்கலாம் என்று அவள் கண்ணை மூடின நேரத்தில், பல்லவிக்கு முன்னால் ஒரு மூச்சு வந்தது. அவளுடைய மூச்சு. தூத்துக்குடியில் கோயில் பாடற்குழுவில் இருந்த காலத்தில் சிஸ்டர் சொல்லுவார்கள், மூச்ச திருடன் மாதிரி எடு புள்ள, வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது. அப்படி உதட்டோரமாக எடுக்கிற மூச்சு. சவுண்டு இஞ்சினியர் முகிலன் குரலை வெட்டும்போது மூச்சை வெட்ட மறந்துவிட்டிருக்கிறான், அல்லது பம்பாய் அம்மாவின் மூச்சு முரடாக இருந்ததால் இதையே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். அவள் மூச்சை இழுக்க, அவர் பாடுகிறார். செலினுக்குச் சிரிப்பு வந்தது, இருபது வருஷத்தில் மிஞ்சினது மூச்சுதானா என்று. சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. மூச்சின் பின்னால் ஏதோ இருந்தது. ஈர விரலைக் கண்ணாடியில் தேய்த்தாற்போல ஒரு சின்ன கீச்சு. விரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். இருந்தது. மறுபடி. ஒயர் பழசு, ஒயரின் சத்தமாக இருக்கும். மறுபடி. ஒயரில்லை. டிசம்பரில் அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாடற்குழுவில் நட்டநடு ராத்திரிப் பூசைக்குத் தனிக்குரல் அவள்தான், சாமியார் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தினார், மகள் ஷைனி செல்போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினாள். அத்தனை பேர் முன்னால் அது உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. குடித்தனம் வந்ததே வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை. ஈஸ்டர் எங்கே, டிசம்பர் எங்கே. தவக்காலம் முழுக்க இருந்திருக்கிறது, பொங்கலுக்கு இருந்திருக்கிறது. அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்து வேண்டாமென்று கையை மடக்கிக்கொண்டாள்.

“எந்தப் படம்மா” என்று பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. சத்தம் என்றுதான் சொல்ல வேண்டும், குரல் என்று சொல்ல முடியாது. காலி மிக்ஸியை மெதுவாக ஓடவிட்டு அதற்குள் வார்த்தைகளைப் போட்டாற்போல இருந்தது. திரும்பினாள். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிய பெரியவர் ஒருவர், டார்ச் லைட் மாதிரி ஒரு சாமானைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணிக்குப் பின்னால், குரல்வளையை எடுத்த இடத்தில், ஓட்டை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன தடவை வந்தபோதே அவரைப் பார்த்து, பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டவள்தான். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டினாள், பேசக் கூடாது என்று. அவர் பெரிசாகத் தலையாட்டினார், “எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க” என்றார் அந்த மிக்ஸிச் சத்தத்தில், ஏதோ பந்தியில் பக்கத்து இலைக்காரனிடம் சாம்பாரைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி. போன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுச் சட்டென்று மூன்றாவது பாட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். மூன்றாவது பாட்டில் ஒளிய இடமே இல்லை. இங்கிலீஷில் ஒருத்தன் கோபமாகக் கடகடவென்று ஒப்பிக்கிறான், யார் மேல் கோபம் என்று தெரியவில்லை, நடுவில் இவளுடைய வெறும் ஹம்மிங். அதைக் கேட்கத் தைரியமில்லாமல், பாட்டை ஓடவிட்டு, கீழே ரசிகர்கள் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பித்தாள். ‘நிரஞ்சன் மேல வச்ச நம்பிக்கை போச்சு.’ ‘காது வலிக்குது.’ ‘முதல் நாலு பாட்டையும் தாண்டி வந்தவங்களுக்கு மெடல் குடுங்க.’ அதற்குக் கீழே ஒருத்தன், நிறையப் பேர் விருப்பக் குறி போட்டிருந்தார்கள், ‘ஆறில் ரெண்டு தேறும். அஞ்சும் ஆறும். மத்ததெல்லாம் குப்பை’ என்று எழுதியிருந்தான். ஆறும் தேறும். அவளுடையது தேறும். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் அந்த வார்த்தை முள்ளாக மாட்டிக்கொண்டது. தேறும். தூத்துக்குடியில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராண்டாவில் அம்மா எல்லார் காலையும் பிடிக்காத குறையாகக் கேட்டுக்கொண்டு நின்றது அந்த வார்த்தையைத்தான். தேறிருவாகளா, தேறிருவாகளா. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் பார்ப்போம் பார்ப்போம் என்று போனார்கள். கடைசியில் கூட்டிப் பெருக்குகிற அம்மாள்தான் சித்தியிடம் சொன்னாள், “தேறாது தாயி, வீட்டுக்குச் சொல்லி அனுப்பு.” பாட்டுக்கும் அதே வார்த்தை, பரீட்சைக்கும் அதே வார்த்தை, ஆளுக்கும் அதே வார்த்தை. இந்தத் தமிழில் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா. ஆறு பேர் இந்த வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் திடீரென்று தோன்றியது. எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் ஆறு இருந்துவிடுமோ என்று பயம்.

அந்தப் பெரியவர் கையை நீட்டினார், ஒரு காது குடு என்று சைகை. மறுக்கத் தெரியாமல் ஒயரின் ஒரு முனையைக் கொடுத்தாள். நாலாவது பாட்டு வந்தது. அது கள்ளுக்கடையில் ஒரு பெண் ஆடுகிற பாட்டு, ஆறிலும் அதுதான் கேவலம் என்று அவளே சத்தியம் பண்ணுவாள், ‘சரக்கு’க்கு ‘முறுக்கு’ என்று எதுகை. பெரியவர் முகம் மலர்ந்து செருப்பால் தாளம் போட ஆரம்பித்தார். டார்ச்சைத் தாடையில் வைத்து, “இது நல்லாருக்கு, இது ஹிட்டு” என்றார். எதிரில் ஒரு குழந்தை அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாயின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தது. பெரியவர் அதைப் பார்த்தார். தாளம் நிற்கவில்லை, ஆனால் டார்ச்சை எடுத்து மடியில் வைத்துவிட்டார். செலினுக்கு அவர் மேல் பாவமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவர் தாளம் போட்ட இடத்தில்தான் அது வந்தது. சரணத்தில் ஒரு உச்சி. இதையும் பாடின பம்பாய் அம்மாவுக்கு அந்த உயரம் எட்டாது, அந்த ஒரு அடியை மட்டும் செலினின் ட்ராக்கிலிருந்தே எடுத்து ஒட்டுவேன் என்று முகிலன் அப்போதே சொல்லியிருந்தான். ஒட்டியிருந்தான். உச்சியில் அவள் குரல் ரெண்டாகப் பிளந்தது, ஒரு கண நேரம்தான், மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல், நடுவில் ஒன்றுமில்லை. கேட்கிறவர்களுக்கு அது ஏதோ மிஷின் வேலை என்று தோன்றும். பெரியவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, தாளம் விடாமல் போட்டார். தவக்காலத்தில் பாடினது. அன்றைக்கு ஏசி அதிகம் என்று அவள் சொன்னாள், ஆமாம் அதிகம் என்று குறைத்தார்கள். வீட்டுக்கு வந்து ரூபனிடம் சொன்னபோது, “மீன் கொழம்பு வெள்ளிக்கிழம வேணாம்னு நீதான் பருப்பா வச்சு வச்சு ஒடம்ப வத்தவிட்டுட்ட, வேற என்ன” என்றான். எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. நல்ல நல்ல காரணங்கள். அவள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பெரியவரை உள்ளே கூப்பிட்டார்கள். ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார், அதில் அவர் காதின் சூடு இருந்தது, துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள். ஐந்தாவது பாட்டு. இனிமேல் தேறுகிற பாட்டுகள். முன்னால் இருந்த நாலையும் போட்டவன்தான் இதையும் போட்டானா என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு அடக்கம். ஒரு வயலின், தூரத்தில் ஏதோ தகரத்தில் மழை, ஆண்குரல் ஒன்று செத்துப்போன தம்பியைப் பற்றிப் பாடுகிறது, அது நிற்கிற இடத்தில் எல்லாம் செலினின் குரல் வார்த்தையில்லாமல் ஒரு முனகலாக வந்து போகிறது. இதைப் பாடினது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில். அன்றைக்குக் காலையிலேயே தொண்டை கம்மிப்போயிருந்தது. இன்னைக்கு வேண்டாம் தம்பி, வேற யாரையாவது வைங்க என்று சொல்லத்தான் ஸ்டுடியோவுக்குப் போனாள். அதைச் சொல்ல வாயைத் திறந்ததுமே நிரஞ்சன் எழுந்து நின்றுவிட்டான். “அக்கா, என்னக்கா பண்ணீங்க? இந்தக் கரகரப்பு எங்க இருந்துச்சு இத்தன நாளு? உக்காருங்க, பேசாதீங்க, அப்படியே மைக்குக்குப் போங்க.” அவன் கண்ணில் தண்ணீர். பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சும்மா இருந்தார்கள், அந்த மாதிரி சும்மா இருப்பதை அவள் வேறு பாடகிகளுக்குத்தான் பார்த்திருக்கிறாள். இதுக்கு வேற யாரும் வர வேண்டாம், இவங்க குரலே இருக்கட்டும் என்று அவன் முகிலனிடம் சொன்னதை மைக் வழியாகக் கேட்டாள். கடைசிப் பாட்டும் நீங்கதான்க்கா, முழுப் பாட்டும், பேரோட, இந்தக் கரகரப்ப மட்டும் பத்திரமா வச்சிருங்க. பத்திரமா. பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். இதை நினைக்காமல் தாண்டிவிடலாம் என்றுதான் இத்தனை நேரம் மனசு சுற்றிச் சுற்றி வந்தது, செக்குமாடு மாதிரி, கடைசியில் கொண்டுவந்து நிறுத்தியது இங்கேதான். ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம் தொண்டை கொஞ்சம் தெளிந்தது. கரகரப்பு போய்விடும்போல இருந்தது. எந்தப் பெண்ணாவது அதற்குப் பயப்படுவாளா, இவள் பயந்தாள். சுக்குக் காப்பியை நிறுத்தினாள். ராத்திரியில் தயிர், ஐஸ் தண்ணீர், ஷைனி வாங்கி வைத்திருந்த குச்சி ஐஸ். அதுவும் போதாமல், ரூபனும் ஷைனியும் வெளியே போன பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று மிக்ஸியில் ஒன்றும் போடாமல் முழு வேகத்தில் ஓடவிட்டு, அதன் முன்னால் நின்று கத்துவாள். வார்த்தை ஒன்றும் கிடையாது, வெறும் கத்தல். மிக்ஸி சூடாகிப் புகைநாற்றம் வரும் வரைக்கும். பிறகு நிறுத்திவிட்டு மெதுவாக ஒரு வரி பாடிப் பார்ப்பாள். இருக்கிறதா என்று. இருக்கும். மாதாவே ஸ்தோத்திரம் என்று நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள். வெளியே போகப் பார்த்ததைக் கையைப் பிடித்து இழுத்து உள்ளே உட்காரவைத்துச் சோறு போட்டாள். அந்தப் பெரியவரின் குரல் ஏன் தனக்குப் பழக்கமானதுபோல இருந்தது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. ஐந்தாவது பாட்டு முடிந்து சத்தமில்லாமல் இருந்தது போன். அவள் இன்னும் மிக்ஸியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாவது பாட்டை அவள் போடவில்லை, அதுவாகத் தொடங்கியது. ‘கதவச் சாத்தாதே, கடல் இன்னும் வீடு சேரல.’ அவள்தான். யாரும் மாற்றவில்லை. முதல் வார்த்தையிலேயே அவளுடைய மொத்த உடம்பும் அதைத் தெரிந்துகொண்டது, இவ்வளவு நாள் பயந்த பயங்களில் ஒன்று அந்த இடத்திலேயே செத்து விழுந்தது. ஒரு ஆர்மோனியம், அவள், வேறு யாரும் இல்லை. இப்படிப் பாடியிருக்கிறோமா என்று கேட்டாள். புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கிற ஒருத்தி, பிணம்கூட வராத ஒருத்தி, அவள் அழவில்லை, குரல்தான் அங்கங்கே பிய்ந்து போகிறது, ‘சேரல’ என்கிற இடத்தில் மணலில் படகு இழுத்தாற்போல ஒரு உராய்வு. பிள்ளை பெற்ற அன்று ஷைனியைத் துணியில் சுற்றிக் காட்டியபோது இருந்த அதே சந்தோஷம் வந்தது, ஒளிக்க முடியாத சந்தோஷம், எதிரில் இருக்கிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். சின்ன வயசில் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் யார் யாரையோ ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர் என்று கத்துவார்கள். செலினை ஒருத்தனும் கேட்டதில்லை, அவள் எப்போதும் பின்பாட்டு. இன்றைக்கு இந்தப் பாட்டை அங்கே பாடினால் கேட்பார்கள். சந்தோஷம் அப்படியே இருந்தது, அதன் அடியில் குளிர் ஏறியது. உராய்கிறதே, அது எது. இதைப் பாடினது அவளா, அவளுக்குள் இருக்கிறதா. அதை வெட்டி எடுத்துவிட்டால் இந்தப் பாட்டில் மிஞ்சுவது யார். போனில் நிரஞ்சன் அனுப்பிய குரல் செய்தி காலையிலிருந்து திறக்காமல் கிடந்தது. பாட்டை நிறுத்திவிட்டு அதை அழுத்தினாள். “அக்கா, படம் ஊத்திக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, பாட்டும் போச்சு, விடுங்க. ஆனா ஆறாவது பாட்டு தனியா ஓடுதுக்கா. எல்லாரும் அந்தக் கரகரப்பத்தான் கேக்கறாங்க. அடுத்த படத்துல மூணு பாட்டு உங்களுக்கு. அது மட்டும் போயிடாம பாத்துக்கோங்க, சரியா?” தங்கமான பையன். அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“செலின் ரூபன்” என்று வரவேற்பிலிருந்து கூப்பிட்டார்கள். பாட்டுக்குக் கீழே போட்டிருந்த அதே பெயர். பச்சைக் கதவைத் திறந்து வெளியே வந்த பெரியவர் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார், காலால் இன்னும் அந்தச் ‘சரக்கு முறுக்கு’ தாளம்தான். உள்ளே டாக்டர் பத்மலோசனி கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கூட யாரும் வரலையா என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே பாதி வந்துவிட்டது. ரூபனை வர வேண்டாம் என்று சொன்னது செலின்தான். அவள் தலையை ஆட்டினாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்து மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். “நாம பயந்ததுதான்மா. சிகரெட் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆனா அதான். வைத்தியம் இருக்கு. ஸ்கேன் எடுத்தாதான் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சரியா தெரியணும். யோசிச்சு சொல்லுங்க. எப்பலேர்ந்து இந்தக் கரகரப்பு?” எழுதிக் காட்டச் சொல்லி ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தினாள். செலின் பேனாவை எடுக்கவில்லை. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனை மேஜை மேல் மல்லாக்க வைத்து, இரண்டாவது பாட்டின் பல்லவிக்கு முன்னால் விரலை வைத்தாள். மூச்சு. பம்பாய் அம்மா பாடத் தொடங்குவதற்குள் நிறுத்திவிட்டு, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள், சுவரில் தொங்கிய காலண்டரை டிசம்பருக்குத் திருப்பி, போன வருஷம் என்று கையைப் பின்னுக்கு ஆட்டிக் காட்டினாள். டாக்டரம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது, முன்னால் குனிந்தாள். செலின் நாலாவது பாட்டின் உச்சியைப் போட்டாள். ஐந்தாவதின் முனகலைப் போட்டாள். கடைசியில் ஆறாவதைப் போட்டாள், அதை மட்டும் நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை. ‘கதவச் சாத்தாதே.’ டாக்டரம்மாவின் முகம் மாறியது. “இது நீங்களா? நேத்து ராத்திரி எம் பொண்ணு இதையே போட்டுப் போட்டுக் கேட்டுட்டிருந்தாளே” என்றாள். செலின் ஆமாம் என்று தலையசைத்தாள். அசைத்துக்கொண்டே பேனாவை எடுத்து, காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். தேறுமா. டாக்டரம்மா அதைப் படித்தாள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. “நீங்க தேறிடுவீங்க” என்றாள் டாக்டரம்மா. “ஆளு தேறிடலாம். அதுக்கு நான் பாடுபடறேன். குரலைப் பத்தி இன்னைக்குக் கேக்காதீங்கம்மா.” வெளியே யாரோ இருமினார்கள். பாட்டு முடிகிற இடத்துக்கு வந்தது, ‘வீடு சேரல’ என்று ஆர்மோனியமும் அடங்கி, அதற்குப் பிறகு முகிலன் வெட்டாமல் விட்ட ஒரு நீளமான மூச்சு, இழுத்து இழுத்து உள்ளே போனது, மணலும் கீச்சுமாக. நிரஞ்சன்தான் அது இருக்கட்டும், அதுதான் பாட்டே என்று சொல்லியிருந்தான். டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், காது கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று செலினுக்குத் தோன்றியது. “அந்தக் கடைசி மூச்ச மட்டும்” என்றாள் டாக்டரம்மா, போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்து, “இன்னொரு தடவ போடுங்க.” செலின் விரலை வைத்துப் பாட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள்.